நல்லம்மாளின் கைப்பேசியும் கலாதேவியின் கட்டைவிரலும்

ஐஸ்பெட்டிக்கும் இணையம் வந்துவிட்ட செய்தியைக் கலாதேவி காலைத் தேநீரோடு படித்தாள். எங்கேயோ ஓர் ஊரில் யாரோ ஒருவருடைய ஐஸ்பெட்டிக்குள் திருடர்கள் இணையம் வழியாகப் புகுந்து, வீட்டுக் கடவுச்சொல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். ஒரு வாய் குடித்துவிட்டு, தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நியூஸ். ஐஸ்பொட்டிக்குள்ள திருடன் பூந்துட்டானாம். நம்ம ஊட்டு ஐஸ்பொட்டியில பூந்தா அவனுக்கு என்னா கெடைக்கும்? மூணு நாள் சாம்பாரு, யார் கல்யாணத்துலயோ குடுத்த லட்டு, மருந்துக் குப்பி. பாவம், பசியோடதான் திரும்பிப் போவான். ஆனா புதுப் பொட்டி வாங்குறவங்க அதுக்கு வைஃபை பாஸ்வேர்டு குடுக்காதீங்க. குளுர்றதுக்கு எதுக்குலா இன்டர்நெட்டு? அவ்ளோதான். நான் வேலைக்குப் போறேன்."

சிரிக்க வைக்க வேண்டும் என்று அவள் பேசுவதில்லை. அலுப்பில் பேசுவாள். அந்த அலுப்புதான் ஈப்போவை அடுத்த செமோர்ப் பக்கம் இருந்த இந்தத் தாமானுக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு காலத்தில் சுங்கை மெலாத்தித் தோட்டமாக இருந்த நிலம் இது. மரங்களை வெட்டி வீடு கட்டியபோது, தோட்டத்து ஆட்களே பாதிப் பேர் திரும்பி வந்து குடியேறினார்கள். ஒருவர் கதை ஒருவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

லட்சக்கணக்கான பேருடைய தகவல் கசிந்தது என்று செய்தி வந்தால் கலாவுக்குப் பதற்றம் வருவதில்லை. கசிவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? பிறந்தநாள் வந்தால் முச்சந்தியில் பேனர் கட்டுகிறார்கள், தேதி மாதம் வருடத்தோடு. யாராவது இறந்துவிட்டால் பத்திரிகையில் நினைவஞ்சலி போடுகிறார்கள், பிறந்த தோட்டம், மனைவி, மக்கள், மருமக்கள், அத்தனை பெயரோடும். திருடன் கணினி படிக்கவே வேண்டாம், தமிழ்ப் பத்திரிகை படித்தால் போதும். செயற்கை மூளை வந்து எல்லார் வேலையையும் பறித்துக்கொள்ளப் போகிறது என்ற செய்திக்கு அவள் சொன்ன கருத்து இன்னும் சுருக்கம்: "வரட்டும்லா. மொதல்ல எங்கம்மா போனைத் தொறந்து குடுக்குற வேலைய எடுத்துக்கட்டும்."

அதைக் கேட்டுத் தாமானே சிரித்தது. ஆனால் அது வேடிக்கையல்ல, வேலைதான். குரல்பதிவு போன கையோடு, அம்மா நல்லம்மாள் தன் கைப்பேசியை அவள் முன்னால் நீட்டினாள். கலா பார்க்காமலே கட்டைவிரலை வைத்தாள். திரை திறந்தது.

நல்லம்மாளின் விரல்களில் ரேகை கிடையாது. முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டி, பால் உறைய ஊற்றும் ஆசிட்டில் கை பட்டுப் பட்டு, பத்து விரலும் தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று ஆகிவிட்டன. ஐ.சி. என்கிற அடையாள அட்டையை மாற்றப் போன இடத்தில்கூட எந்திரம் அந்த விரலை விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் கலா கைப்பேசிக்கு ஓர் எண் வைத்துக் கொடுத்தாள். அம்மா மறந்தாள். வேறு எண் வைத்தாள். அதையும் மறந்தாள். ஒரு நாள் வேலை முடிந்து களைத்து வந்தவள், பேசாமல் தன் கட்டைவிரலையே அதில் பதித்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மா கைப்பேசிக்குச் சாவி மகளின் விரல். காலையில் திறந்து கொடுத்தால், அணைந்துவிடக் கூடாதே என்று நல்லம்மாள் அதைத் தடவித் தடவியே மத்தியானம் வரை உயிரோடு வைத்திருப்பாள். அப்புறம் அது பூட்டிக்கொள்ளும். சாயங்காலம் மகள் வரும்வரை யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசலாம், அவ்வளவுதான். அவளாக யாரையும் கூப்பிட முடியாது.

கலாவுக்கு முப்பத்தாறு வயது. மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டவள். ஈப்போவில் ஒரு போட்டோஸ்டேட் கடையில் கணினியும் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்நேரமும் யாராவது எதையாவது நீட்டிக்கொண்டே இருப்பார்கள். "இதப் பாரேன் கலா." "இது என்னான்னு பாரு அக்கா."

அப்படியிருக்க, போன வாரம் பினாங்கிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் நாச்சியம்மை என்று ஒரு மேலாளர். கலாவின் குரல்பதிவுகள் கைமாறிக் கைமாறி அவருடைய சித்தியின் கைப்பேசிக்குப் போய், அங்கிருந்து அவர் காதுக்கு எட்டியிருக்கின்றன. மோசடிகளைப் பற்றிச் சாதாரண மக்களுக்குத் தமிழில் பேசிப் பதிவுசெய்ய ஆள் வேண்டும், வருகிறீர்களா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். யாரும் எதையும் நீட்டாமல், அவள் சொல்வதைக் கேட்பதற்காகவே ஒருவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேண்டும் என்று கலா மனதுக்குள் மட்டும் சொல்லிப் பார்த்தாள். வாய்விட்டுச் சொன்னால் யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று இருந்தது.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள். நல்லம்மாள் "ம்" என்றாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கடையில் ஒரு லாரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். தன் லாரி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துக்கொண்டு, அதை லாரிக்கு முன்னும் பின்னும் எழுதி ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தவர். அது ஏன் கூடாது என்று கலா விளக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"கலாதேவிங்களா? பினாங்கிலேருந்து நாச்சியம்மை பேசறேன். உங்க பதில் வந்துச்சு. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"நான் இன்னும் பதிலே போடலையே மேடம்."

"போட்டிருக்கீங்க. நேத்து மத்தியானம். படிக்கட்டுமா?" சிரிப்பை அடக்குவது குரலில் தெரிந்தது. "'மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு, இங்கு நாங்கள் அனைவரும் சுகம். அங்கு மழை எப்படி? எங்கள் மகள் கலாதேவிக்கு நீங்கள் வேலை கொடுத்ததில் மிக்க சந்தோஷம். ஆனால் அவளால் வர இயலாது. காரணம் கேட்க வேண்டாம். இப்படிக்கு, கலாதேவி.'"

கலா லாரிக்காரருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள். "யாரோ என் மெயில்ல பூந்துட்டாங்க மேடம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு." இப்போது சிரிப்பு இல்லை. "பாதுகாப்பைப் பத்திப் பேச வர்றவங்க கணக்குலயே யாரோ பூந்தா, யாரு, எப்படின்னு எனக்குத் தெரியணும். அஞ்சு மணிக்குள்ள கூப்புடுங்க. வேலை வேணுமா வேணாமான்னும் நீங்களே உங்க வாயால சொல்லுங்க. கடிதாசி வேணாம்."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். வழியெல்லாம் அவளுக்குத் தெரிந்த திருடர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். பரிசு விழுந்தது என்பவன், பார்சல் பிடிபட்டது என்பவன், போலீஸ் மாதிரி அதட்டுபவன். அங்கு மழை எப்படி என்று கேட்கிற திருடனை அவள் எந்தச் செய்தியிலும் படித்ததில்லை.

வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அவளுக்கு உதவி. எதிர்வீட்டுச் சீனி, கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவர், நாற்காலியில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் கலாவின் பழைய மடிக்கணினி மூடியிருந்தது.

"என் மெயில யாரு தொறந்தா?"

சீனி தே ஓ கோப்பையைக் கீழே வைத்தார்.

"சத்தியமா லிங்க் ஒண்ணும் அமுக்கல கலா," என்றாள் கருப்பம்மாள். "நீ தெனமும் சொல்றபடிதான் செஞ்சோம்."

"போனுக்குக் கோடு நம்பர் வந்தா யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேல்ல?" என்றார் சீனி. "வரவே இல்லலா. பாஸ்வேர்டு மறந்துடுச்சின்னு ஒரு எடம் இருந்துச்சி, அத அமுக்குனேன். கேள்வி கேட்டுச்சி. மூணே கேள்வி."

கலா பதினாறு வயதில் செமோரில் ஒரு சைபர் கஃபேயில் தொடங்கிய கணக்கு அது. கடவுச்சொல் மறந்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் திறந்துகொள்ளலாம் என்று அப்போது கேட்டு வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"மொத கேள்வி ஈசி. நீ படிச்ச பள்ளிக்கூடம்," என்றார் சீனி. "தோட்டத்துல இருந்ததே ஒண்ணுதான். ரெண்டாவது, உங்கம்மா பொறந்த ஊரு. அவங்கதான் பக்கத்துலயே குந்தியிருக்காங்களே."

"மூணாவதுலதான் தகராறு," என்றாள் கருப்பம்மாள். "மொத நாய் பேரு. நான் டைகருன்னேன். இந்தச் சீனி ராஜான்னு போடுது."

"ராஜா என் நாய், அக்கா! நீங்கதான் ராஜான்னு சொன்னீங்க."

"யாரு சொன்னா? எந்திரம் ரெண்டு தடவ தப்புன்னுடுச்சி. அப்பறம் உங்கம்மாதான் ரோசனை பண்ணி, டைகருக்கு முன்ன ஒரு குட்டி இருந்துச்சே, லாரியில அடிபட்டு, நீகூட சோறு திங்காம அழுதியே, பொம்மின்னு..."

கலா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் குட்டியை யாருக்கும் நினைவிருக்காது என்று நினைத்துத்தான் அந்தப் பெயரைக் கொடுத்திருந்தாள். உலகத்தில் எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாத பதில். திருடனால் முடியாதுதான்.

"அவசரமா ஒரு சவாரி வந்துருக்கு," என்று சீனி கைப்பேசியைப் பார்க்காமலே எழுந்தார். கருப்பம்மாளுக்கு அடுப்பில் பால் நினைவு வந்தது. இருவரும் போனபின் வீட்டில் பயற்றங்காய் ஒடிகிற சத்தம் மட்டும் இருந்தது.

"ஏம்மா?"

நல்லம்மாள் மடியிலிருந்த கைப்பேசியை எடுத்து நீட்டினாள். கறுத்துப்போய்ப் பூட்டிக்கிடந்தது.

"மத்தியானமே அடைஞ்சிகிச்சி. நீ பினாங்குக்குப் போயிட்டா இத யாரு தொறப்பா? பத்து காஜா டவுனு கண்ணு டாக்டரு தேதி இதுலதான் வருது. கோலா கங்சார்லேருந்து உங்க சின்னம்மா பேரன் படம் அனுப்புறா, அதுவும் இதுலதான். கரண்டு பில்லு இதுல. கட்டவெரல வெட்டி வெச்சிட்டா போவ?"

கலா தரையில் உட்கார்ந்தாள். கடவுச்சொல் என்பதே இனி ஒழிந்துவிடும், மனிதனுடைய உடம்பே சாவியாகிவிடும் என்று போன மாதம் ஒரு செய்தி வந்தது. யாருடைய உடம்பு என்று அதில் போடவில்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ போவாம இருந்துடுவ. அப்பறம் காலம் பூரா என்னையப் பாத்து மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவ. நீ சொல்றதுக்குள்ள வேணாம்னு எழுதிட்டா, அந்தப் பினாங்குக்காரிதான் வேற ஆளப் பாத்துட்டான்னு நெனச்சிக்குவ. நீ அவமேல கோவப்பட்டுக்கன்னு உட்டேன்."

இந்தக் கணக்கில் கலாவால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபப்படவும் தெம்பு இல்லை. ஊருக்கெல்லாம் பூட்டைப் பற்றிப் பேசிவிட்டு, அம்மா வீட்டுக் கதவுக்குத் தன் கையையே தாழ்ப்பாளாகப் போட்டுவைத்தது யார்? அவள் கைப்பேசியை வாங்கினாள். விரல் வைத்துத் திறந்தாள். உள்ளே போய், எதையோ தேடி, அழித்தாள்.

"என்னா பண்றே?"

"என் வெரல எடுத்துட்டேன்."

"அடிப்பாவி!"

"நீயே ஒரு நம்பர் வைம்மா. நான் வெச்சுக் குடுத்த நம்பரு, அதான் உனக்கு நிக்கல. உனக்கு மறக்காததா ஒண்ணு வை."

நல்லம்மாள் கைப்பேசியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அந்தப் பக்கம் திரும்பு," என்றாள். கலா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பின்னால் முணுமுணுப்பு கேட்டது. ஒரு தடவை எந்திரம் பொருந்தவில்லை என்று சிணுங்கியது. அம்மா அதை ஏசினாள். அப்புறம் எந்திரம் ஒப்புக்கொண்டது.

"என்னா நம்பரு?"

"சொல்லக் கூடாதுன்னு நீதானே ஊரக் கூட்டிக் கத்துறே?"

ஐந்து மணிக்குக் கொஞ்சம் இருக்கையில் கலா பினாங்குக்குக் கூப்பிட்டாள்.

"யாருன்னு தெரிஞ்சிடுச்சி மேடம். எங்கம்மா. பக்கத்து வீட்டு அக்கா. கிராப் ஓட்டுற அண்ணன். லிங்க் எதுவும் அமுக்கல, கோடு எதுவும் கேக்கல. கேள்விக்குப் பதில் சொல்லித் தொறந்துட்டாங்க. தப்பு என்னுதுதான். உண்மையான பதிலக் குடுத்து வெச்சிருந்தேன்."

"அந்தக் கணக்க இன்னிக்கே மூடிடுங்க," என்றார் நாச்சியம்மை.

"சரிங்க."

"இன்னொண்ணும் கேட்டிருந்தேன்."

கலா அம்மாவைப் பார்த்தாள். நல்லம்மாள் முறத்தைப் பார்த்துக் குனிந்திருந்தாள். பாதி ஒடித்த பயற்றங்காய் கையில் அப்படியே நின்றது.

"வேணும் மேடம்," என்றாள் கலா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கு இந்த வேலை வேணும்."

"அப்ப திங்கக்கெழமை வாங்க."

பயற்றங்காய் ஒடிந்தது. "பினாங்குல ரூம்பு வாடகைக்கு எடுக்கும்போது மாடி வேணாம்னு சொல்லிடு," என்றாள் நல்லம்மாள், தலையைத் தூக்காமல். "என்னால ஏற முடியாது."

அடுத்த செவ்வாய்க்கிழமை. பினாங்கு அலுவலகத்தில், குரல்பதிவு அறைக்கு வெளியே கலா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கருப்பம்மாளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அம்மா.

"அடைஞ்சிகிச்சி கலா. ரொம்பத் தடவ தப்பாப் போட்டுட்டேனாம்."

"நம்பர் மறந்துட்டியா?"

"நம்பரு நல்லாத் தெரியும். வெரலு பக்கத்து நம்பர்ல போய் உழுவுது."

"என்னா நம்பர்னு எங்கிட்ட சொல்லு, நான்..."

"சொல்ல மாட்டேன்."

கலா சுவரில் சாய்ந்துகொண்டாள். காலையிலிருந்து பேசிய தொண்டை வலித்தது. "திரையில என்னா எழுதியிருக்கு?"

"முப்பது. இல்ல, இருபத்தொம்போது. கொறையுது."

"அது முடியற வரைக்கும் தொடாத. அதுவா உடும். அப்பறம் மெதுவா, ஒவ்வொண்ணா அமுக்கு."

"நீ போன வெச்சிடாத."

"வெக்கல."

அந்தப் பக்கம் கருப்பம்மாளின் குக்கர் ஒரு விசில் விட்டது. யாரோ மோட்டாரில் போனார்கள். அறைக்குள்ளிருந்து நாச்சியம்மை எட்டிப் பார்த்தார். கலா கையைக் காட்டி, ஒரு நிமிடம் என்றாள்.

"முடிஞ்சிருச்சி," என்றாள் நல்லம்மாள்.

"ம். மெதுவா."

டொக் என்று ஓர் எண் அமுங்கியது. பெருமூச்சு. இன்னொரு டொக். கலா கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.