செம்பு முகமூடியின் கடைசி அட்டை

அட்டைப்படம் முதலில், கதை பிறகு. நியூயார்க்கின் பத்து சென்ட் விலைக் கதைப் பத்திரிகைகளில் அதுதான் வழக்கம். அட்டை அச்சாகி வந்தபின் படத்துக்குத் தகுந்த மாதிரி கதையை எழுதிக் கொடுக்க வேண்டும். வெர்னா டாலிவர் ஐந்து வருடமாக அப்படித்தான் 'செம்பு முகமூடி' என்ற வீரனின் சாகசங்களை மாதாமாதம் எழுதிவந்தாள். எழுதியவர் பெயராக அட்டையில் இருப்பதென்னவோ பிரான்ட் ஹேல் என்ற ஆண் பெயர். அவளுக்கு முன்பே மூன்று ஆண்கள் அந்தப் பெயரில் எழுதிக் களைத்துப் போயிருந்தார்கள். முதலை, பலூன், பனிக்கட்டிக்குள் உறைந்த மேயர் என்று ஓவியர் எதை வரைந்து தள்ளினாலும் வெர்னா அசரமாட்டாள்.

இந்த மாத அட்டைதான் அவளை அசரவைத்தது. செம்பு முகமூடி செத்துக் கிடந்தான். பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெண்ணின் விரல்கள் முகமூடியின் ஓரத்தைப் பிடித்திருந்தன.

விற்பனை விழுந்துவிட்டது, முதலாளி பத்திரிகையை மூடச் சொல்லிவிட்டார் என்றார் ஆசிரியர் லயனல் க்ராஸ்னர். கடைசி இதழில் செம்பு முகமூடியைக் கொன்று, முகத்தை வாசகர்களுக்குக் காட்டிவிட வேண்டுமாம்.

"படத்துல இருக்கறத அப்படியே எழுதிடும்மா. உன் கைவரிசையெல்லாம் வேணாம்."

அவனைச் சாகவிட அவளுக்கு மனமே வரவில்லை. கட்டிய புருஷனோடுகூட அவள் ஐந்து வருடம் தாக்குப்பிடித்ததில்லை. நான்கு நாள் அட்டையை முறைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் காலை, காப்பி ஆறிக்கொண்டிருக்கையில், அந்த விரல்களை மறுபடி பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. மூன்றே நாளில் தட்டச்சு செய்து முடித்து, தானே கொண்டுபோய்க் க்ராஸ்னரின் மேஜையில் வைத்தாள்.

அவர் அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு படித்தார். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இவ முகமூடியக் கழட்டலயே."

"கழட்டறதா எவன் சொன்னான்? செத்துப்போன ரவுடி ஒருத்தனுக்கு மாட்டி விடறா. ஹீரோ செத்துட்டான்னு ஊரு நம்பணும்ல?"

"முதலாளி என்னைக் கொன்னுடுவாரு, வெர்னா."

"எதுக்குங்க? முகமூடி இருக்கு, பொணம் இருக்கு, பொண்ணு இருக்கா. படத்துக்கு ஒத்து வராதது ஒண்ணு காட்டுங்க, மாத்தித் தர்றேன்."

க்ராஸ்னர் அட்டையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அவன் எங்கதான் இருக்கான்?"

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெர்னா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போனபின் க்ராஸ்னர் கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்ற சொல்லைத் தேடினார். அது இல்லை. எழுதிவிடலாம் என்று பென்சிலை எடுத்தவர், எழுதாமல் தாளைத் திருப்பி, வெறும் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.