கிரேன்காரியின் தாகம்

அந்த சைட்டில் அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பருந்து என்றால்தான் தெரியும். நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்ற டவர் கிரேனின் உச்சியில், ஒரே ஓர் ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுதான் அவள் இடம். கம்பிக் கட்டோ, கான்கிரீட் உத்தரமோ, ஜன்னல் சட்டமோ, எது மேலே போக வேண்டுமானாலும் அவள் கையசைவில்தான் போக வேண்டும். இதெல்லாம் பொம்பளை செய்கிற வேலையா என்று ஆரம்பத்தில் வாய் கிழியப் பேசியவர்கள், கொக்கி தங்கள் தலைக்கு மேல் அலுங்காமல் நகர்வதைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

கீழே அவளுக்குக் கண்ணும் காதும் அவள் புருஷன். சிக்னல்காரன். வாக்கி டாக்கியும் கையுமாகத் தரையில் நின்று எதைத் தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று சொல்வது அவன் வேலை. வாக்கியில் பெயர் சொல்லக் கூடாது என்பது சைட் சட்டம். அதனால் அவன் 'கீழ', அவள் 'மேல'. இதை வைத்து நடந்த கிண்டலுக்கு அளவே இல்லை.

"வீட்டுலயும் இதே கதைதானா அண்ணே?" என்று கம்பி கட்டுகிறவர்கள் கேட்பார்கள்.

"வீட்டுல வாக்கி இல்லாமலே கேக்குதுப்பா" என்பான் அவன், கொஞ்சமும் வெட்கமில்லாமல். பெண்டாட்டியைப் பற்றிப் பேசக் கிடைத்தால் அவனுக்குத் தலைகால் புரியாது.

அவளுக்கு முன்னால் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்தவன் குடிகாரன். ராத்திரி குடித்ததெல்லாம் விடிந்ததும் இறங்கிவிட்டதாக அவனாக நினைத்துக்கொண்டு ஏறுவான். வாயில் நாற்றம் போயிருக்கும், கையில் நடுக்கம் போயிருக்காது. ஒரு நாள் கம்பிக் கட்டைக் கொண்டுபோய்ச் சாரத்தில் மோதிவிட்டான். சாரத்தில் ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அவன் போனான், அவள் வந்தாள்.

"நான் அந்தாளு மாதிரி இல்ல. மேல ஏறினா பச்சைத் தண்ணிகூடத் தொட மாட்டேன்" என்று அவள் சொல்லிக்கொள்வாள். அது வெறும் பேச்சில்லை, அப்படியேதான் நடந்துகொண்டாள். காரணம் இருந்தது. கழிப்பறை என்று இருந்ததே தரையில், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில்தான். அத்தனை உயர ஏணியில் இறங்கிப் போய்த் திரும்ப ஏறுவதற்குள் சைட்டே கைகட்டி நிற்கும். ஆண் ஆபரேட்டர்கள் காலி பாட்டிலில் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டில் அதற்கெல்லாம் இவள் தயாரில்லை. ஆகவே எழுந்ததும் ஒரு கெட்டிக் காப்பி, மேலே வாய் உலராமலிருக்க எலுமிச்சை மிட்டாய், அவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இறங்கமாட்டாள். "என்னால ஒரு நாளும் சைட் நின்னதில்ல" என்பதுதான் அவள் தலையில் வைத்துக்கொண்ட கிரீடம். தலை வலித்தால் வெயில் என்றாள். முதுகு வலித்தால் நாற்காலி சரியில்லை என்றாள். தன் உடம்பைத் தவிர எல்லாவற்றின்மேலும் பழி போட்டாள்.

வெயில் கொளுத்திய ஒரு நாள், கான்கிரீட் உத்தரம் ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேல, இடப்பக்கம். மெதுவா."

பதில் வரவில்லை. கொஞ்சம் கழித்து, "இடம்... சரி" என்றாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட குரல். உத்தரம் வலப்பக்கம் நகர்ந்தது.

அங்கே வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நின்றவர் சைட் இன்ஜினியர். அவருடைய வெள்ளைத் தொப்பிக்கு நேர் மேலே உத்தரத்தின் நிழல் விழுந்தது.

"மேல! நிறுத்து! கைய எடு!"

நின்றது. இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். வரைபடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அதன்பிறகு சிக்னல்காரன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிச் சொல்லி உத்தரத்தைத் தரையில் இறக்கவைத்தான். கடைசியில், "நீயும் எறங்கு" என்றான்.

"மணி அடிக்கலையே."

"எறங்குன்னா எறங்கு."

சைட் முழுவதும் கேட்க அவன் அவளை அதட்டியது அதுதான் முதல் தடவை. ஆத்திரத்தோடு இறங்கியவளுக்குப் பாதி ஏணியில் முதுகிலிருந்து அடிவயிறுவரை வலி கிழித்தது. கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டாள். அவன் ஏறிப்போய், ஒவ்வொரு படியிலும் அவள் காலைப் பிடித்துவைத்துக் கூட்டிவந்தான். தரையில் கால் வைத்தபோது கூட்டத்தில் யாரோ, "இதுவும் குடிச்சிருக்குமோ?" என்றது காதில் விழுந்தது. வலியைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து ராத்திரி" என்றாள், அப்போதும் பெருமையாக.

"இதுல பெருமைப்பட என்ன இருக்கு? உடம்புல தண்ணி கொறஞ்சா ரத்த ஓட்டம் தடுமாறும், இதயம் கூடுதலா அடிச்சுக்கணும். தலை வலிக்கும், கவனம் செதறும், இடம் வலம் கொழம்பும். சிறுநீர்ல இருக்கற உப்பு கரைய வழியில்லாம கல்லாயிடும். உங்களுக்கு ஆயிருக்கு. தண்ணி குடிக்கவேண்டிய எடத்துல மிட்டாயச் சப்பினா உடம்பு ஏமாறாது."

"நான் குடிக்கிறவ இல்ல டாக்டர். எம்மேல யாரும் அப்படிச் சொல்லிடக் கூடாது."

"நீங்க குடிக்கல. ஆனா மூளை காஞ்சு கெடந்தாலும் கை தப்புத்தான் பண்ணும். மேலேருந்து விழற பொருளுக்கு வித்தியாசம் தெரியுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து இத்தனை நாள் முகம் சுளித்தாளோ, அவனுடைய கையும் தன் கையும் ஒன்றாகிப்போனதே என்று வெட்கமாக இருந்தது. வீட்டில் கிடந்த நாட்களில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். கல் சின்னதுதான், ஆனாலும் அழவைத்துவிட்டுத்தான் வெளியேறியது. அதன்பிறகு ஒரு காலையில் கண் விழித்தபோது தலை அத்தனை லேசாக இருந்தது. தலைவலி இல்லாத காலை எப்படியிருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள்.

திரும்பி வந்த அன்று இன்ஜினியர் தன் தகர அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உடம்பு முக்கியம். ஸ்டோர்ல உக்காந்துக்கோங்க. மேல வேற ஆளப் போட்டுக்கறோம். எறங்காம வேலை பாக்கறவனா."

கதவோரம் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற சிக்னல்காரன் முகத்தில் ஈயாடவில்லை. கூண்டைப் பறித்துவிட்டால் அவள் பாதி ஆளாகிவிடுவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

"எறங்காம வேலை பாத்தவதான் சார் நானும்" என்றாள் அவள். "அதனாலதான் அது உங்க தலைக்கு மேல வந்துச்சு."

இன்ஜினியர் தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டார்.

"வர்ற ஆளும் தாகத்தோடதான் உக்காருவான். கை தடுமாறுதுன்னு உங்ககிட்ட வந்து சொல்லுவானா? நான் சொல்றேன். என் தப்பு, தண்ணி குடிக்காதது. உங்க தப்பு, குடிச்சா போறதுக்கு மேல எடம் வைக்காதது. கிரேன்லேருந்து கட்டடத்துக்குப் போற இரும்புப் பாலம் இருக்கு. அந்த மாடியில ஒரு கழிப்பறை வச்சா அஞ்சு நிமிஷத்துல போயிட்டு வந்துருவேன். கம்பி கட்டறவங்களுக்கும் ஆச்சு."

"கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் கழிப்பறைல ஒண்ணக் குடுக்கலாம்" என்று இழுத்தார் அவர். "ஆனா அத யாரும்மா அவ்வளவு ஒசரம் தூக்கிட்டுப் போறது?"

"நான்தான்."

இன்ஜினியரே முதலில் சிரித்துவிட்டார்.

அன்று ஏறுவதற்கு முன் ஏணியடியில் நின்று, எல்லோரும் பார்க்க அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். இன்னொரு பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவு திறந்துகொள்ளாமல் கயிறு கட்டிய அந்த நீலக் கழிப்பறை, கொக்கியில் தொங்கியபடி தரையை விட்டு எழும்பியது. சித்தாள் பெண்கள் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அண்ணாந்தார்கள். பெயின்ட் அடிப்பவர்கள் ஜன்னல்களில் தலையை நீட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான்.

"மேல, இடப்பக்கம்."

"இடம்" என்று உடனே வந்தது பதில், கணீரென்று. இடப்பக்கமே நகர்ந்தது. ஒரு சுவரையும் உரசாமல், ஒரு ஆட்டமும் ஆடாமல், மாடித் தளத்தில் தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் அதை இறக்கிவைத்தாள்.

அதற்கப்புறம் கம்பிக் கட்டுகள், ஜன்னல் சட்டங்கள். நடுநடுவே தண்ணீர். வெயில் ஏறிய நேரத்தில், கொக்கியைக் காலியாக நிறுத்திவிட்டு அவள் வாக்கியை எடுத்தாள்.

"கீழ."

"சொல்லு மேல."

"நான் போயிட்டு வரேன். சைட் நிக்கட்டும்."

சிக்னல்காரன் இரண்டு கைகளையும் உயர்த்தி விரித்தான். கம்பி கட்டுகிறவர்கள் நிமிர்ந்தார்கள். லாரிக்காரன் எஞ்சினை அணைத்தான். நிழலில் ஒதுங்கிய இன்ஜினியரும் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். உச்சியில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம் இரும்புப் பாலத்தைக் கடந்து, அவசரமே இல்லாமல் நடந்து போனது.

"சைட் நிக்குது மேல" என்றான் அவன். "நீ நிதானமாப் போயிட்டு வா."