எல்லாமே பத்து கூடுதல்

மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு மதிய இடைவேளைக்குள் முப்பத்திரண்டு நோட்டுகளையும் திருத்தி முடித்துவிட வேண்டும். வீட்டில் ஐந்து பொருள்களை அளந்து எழுதி வரச் சொல்லியிருந்தாள். ஒரு கையில் சாப்பாட்டு ஸ்பூனும் மறு கையில் சிவப்புப் பேனாவுமாக வேலை நடந்துகொண்டிருந்தது.

வகுப்பே பட்டாணி என்று கூப்பிடும் குட்டிப் பெண்ணின் நோட்டு வந்தது. கணக்குப் புத்தகத்தின் நீளம் 38 சென்டிமீட்டர். தப்பு. பென்சில் டப்பா 30. தப்பு. தண்ணீர் பாட்டில் 34. அதுவும் தப்பு. "கவனம் போதாது" என்று கீழே எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குக் கையை நீட்டியவளுக்கு ஏதோ உறுத்தியது.

பட்டாணி ஏனோதானோ என்று எழுதுகிறவள் இல்லை. ஒரு கோடு கோணிக்கொண்டு போனாலும் தாள் கிழியும்வரை அழித்து மறுபடி போடுகிறவள். டீச்சர் ஸ்கேலை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தாள். 28. பட்டாணியின் இடத்துக்கே போய்ப் பென்சில் டப்பாவையும் பாட்டிலையும் அளந்தாள். 20. 24. சொல்லிவைத்த மாதிரி எல்லாமே பத்து கூடுதல்.

டீச்சர் கூப்பிட்டனுப்பியதும் மைதானத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள் பட்டாணி.

"எதை வெச்சுடா கண்ணு அளந்தே?"

"அம்மாவோட துணி டேப்பு மிஸ்."

"அதோட முனையில என்ன நம்பர் இருக்கு?"

பட்டாணி தரையைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. "பொம்மைக்கு பெல்ட் வேணும்னு கொஞ்சமா வெட்டிட்டேன் மிஸ். நேராத்தான் வெட்டினேன். அம்மாவுக்குத் தெரியாது."

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டேப்பு பத்திலிருந்து தொடங்கினால் எதை அளந்தாலும் பத்து ஏறித்தானே காட்டும்! ஆனால் நோட்டின் ஐந்தாவது வரியைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. "கடை ஜன்னல் 130. அம்மா அளந்தது."

"இது என்ன ஜன்னல்?"

"திங்கக்கிழமை அம்மா கேக் கடை தெறக்கறாங்க மிஸ். அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடணும். கண்ணாடிக்காரர் அளவை போன்ல சொன்னாப் போதும்னாரு. இன்னைக்கு வெட்டறாங்க."

டீச்சர் வீட்டுக் குளியலறைக் கதவுக்கும் அந்த மாதிரி, உலையில் சுட்டு உறுதியாக்கிய கண்ணாடிதான். வெட்டி உலையில் ஏற்றிவிட்டால் அப்புறம் ஒரு நூலளவுகூடக் குறைக்க முடியாது. மறுபடி வெட்டப் போனால் தூள்தூளாகிவிடும். போனை எடுத்துப் பட்டாணியின் அம்மாவைக் கூப்பிட்டாள். விஷயத்தைப் பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டாள்.

"ஐயோ! வெச்சுடுங்க டீச்சர், வெச்சுடுங்க!"

அவ்வளவுதான். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. பட்டாணி நாற்காலியின் கையைப் பிடித்தபடி நின்றாள், போகச் சொன்னாலும் போகவில்லை. ஐந்து நிமிடம் ஐந்து யுகமாகப் போனது.

போன் அடித்தது.

"வெட்டல டீச்சர்!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "கண்ணாடியை மேஜையில படுக்க வெச்சுக் கோடுகூடப் போட்டுட்டாராம். வெட்டற கருவியைக் கையில எடுக்கறாரு, என் போன் போகுது! இப்ப அவரே இரும்பு டேப்போட கிளம்பி வர்றாரு."

டீச்சருக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. "புள்ளையை அடிச்சிடாதீங்கம்மா."

"அவளை எதுக்கு அடிக்கணும்? அவ வெட்டினா. நான் முனையைக்கூடப் பாக்காம அளந்தேன் பாருங்க, எனக்குத்தான் ரெண்டு வைக்கணும்."

போனை வைத்ததும் டீச்சர் "கவனம் போதாது" என்பதை வெள்ளை மையால் அழித்தாள். "உக்காரு. எல்லாத்துலயும் பத்தைக் கழி."

பட்டாணி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து அளவிலிருந்தும் பத்தைக் கழித்தாள். கடைசியில் 120 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா திட்டுவாங்களா மிஸ்?"

"திட்டுவாங்க. கொஞ்சமா."

அது போதும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, விளையாட்டில் தன் முறை வருவதற்குள் போய்ச் சேர ஒரே ஓட்டமாக ஓடினாள். டீச்சருக்குத் திடீரென்று அகோரப் பசி எடுத்தது. ஆறிப்போன சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள்.