கையெடுத்தால் வெளியே

"இன்னும் அஞ்சு பேர் வரேல்லையே, பிள்ளை?"

ஹெட்போனில் வேரோனிக்கா அன்ரியின் குரல். நிரோஷினி கணினியின் மூலையில் நேரத்தைப் பார்த்தாள். ஞாயிறு பிற்பகல், இரண்டு இருபது.

"வருவினம் அன்ரி. ரெண்டு மணி எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான்."

சொன்னது இரண்டு, நினைத்தது மூன்று. ஸ்காபரோவில் பிறந்தநாள் கார்டில் ஆறு மணி என்று அடித்தால் எட்டு மணிக்குத்தான் மண்டபம் நிறையும். அதே வழக்கத்தை அவள் இந்த இணைய விளையாட்டுக்கும் கொண்டு வந்திருந்தாள். எட்டுப் பேர் கூடி ஒரு கோட்டைக்குள் புகுந்து கல்லரசன் என்ற ராட்சதனை வீழ்த்த வேண்டும். அதற்கு ரெய்ட் என்று பெயர். ஏழு வாரங்களாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். நாளை காலையோடு சீசன் முடிகிறது. கல்லரசனும் போய்விடுவான், அவனை வீழ்த்தியவர்களுக்குக் கிடைக்கும் பட்டமும் போய்விடும்.

ஒருவன் மட்டும் சொன்ன நேரத்துக்கே வந்திருந்தான். ரெக்ஸ்டேலில் இருக்கும் பரணி. மதுரைக்காரன், மென்பொருள் வேலை.

"நிரோஷினி, ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேங்க," என்றான். "நாலரைக்கு மேல ஆபீஸ் போன் வந்தா நான் எடுத்தே ஆகணும். இன்னைக்கு என் முறை."

"ஓம், ஓம். அதுக்குள்ள முடிச்சிடலாம்."

அவள் கால் மேசைக்கு அடியில் தாளம் போட்டது. குழுவில் ஒன்பது பேர், இடம் எட்டு. ஒருவர் வெளியே காத்திருக்க வேண்டும், அடுத்த வாரம் முதல் இடம் அவருக்கு. இது அவளே எழுதிய சட்டம். ஆனால் நான்கு வாரங்களாகப் பரணிதான் வெளியே இருந்தான். காரணம் அக்காவின் கணவர் யூட்சன் அத்தான்.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒருநாள், சண்டை நடுவில் அத்தான் சொல்லாமல் எழுந்து போய்க் கொத்துரொட்டி பார்சல் வாங்கி வந்தார். 'சண்டை நடுவில் கையெடுத்தால் வெளியே' என்பதும் அவள் சட்டம்தான். சண்டையை நிறுத்தி அவரை வெளியே போட்டாள். அக்கா இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு நிரோஷினி பயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அத்தானுக்கே இடம் கொடுத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பரணி, "சரிங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றான்.

போன ஞாயிறு அவள் அவனுக்கு வாக்குக் கொடுத்தாள். கடைசி நாள் நீங்கள் உள்ளே, யார் வந்தாலும்.

இரண்டு ஐம்பதுக்கு மரியோ வந்தான். கேடயம் பிடித்து முன்னால் நின்று அடி வாங்குபவன். மூன்று மணிக்கு மற்ற நால்வரும் வந்தார்கள். எட்டுப் பேர் சரி. மூன்றேகாலுக்குப் பிறம்ரனிலிருந்து அத்தான் இணைந்தார்.

"என்ன, என்ர இடம் எங்க?"

"இண்டைக்குப் பரணி, அத்தான். நீங்கள் வெளியில இருங்கோ."

"நான் சொந்தக்காரனெல்லோ?"

"கல்லரசனுக்குச் சொந்தமெண்டால் இன்னும் நல்லம்," என்றான் மரியோ. யாரோ சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பேசிக்கொள்ளும் இணையக் குரல் அறையை விட்டு அவர் போகவில்லை. அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் முயற்சி பாதியில் உடைந்தது. இரண்டாவதில் மரியோ தவறான பக்கம் ஓடினான். மூன்றாவது, நான்காவது. முயற்சிகளுக்கு இடையில் அன்ரி அடுப்பை நிறுத்த ஓடினார், வேறொருவர் மருந்துப் போத்தல் இல்லாமல் வந்து அடுத்தவரிடம் கடன் கேட்டார். நாலு பத்து. நாலு இருபது. நிரோஷினி நகத்தைக் கடித்தாள், துப்பினாள், மறுபடி கடித்தாள். அந்த ஒரு மணி நேரம் கையில் இருந்திருந்தால்! இரண்டு மணிக்கு வந்தவனை மூன்று மணி வரை உட்கார வைத்தது யார்?

நாலு முப்பத்து மூன்றுக்கு ஐந்தாவது முயற்சி.

இந்த முறை எல்லாம் பொருந்தியது. கல்லரசனின் உயிர் ஐம்பது சதவீதம், முப்பது, இருபது. பன்னிரண்டு.

பரணியின் பக்கம் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்டது.

"ஐயோ! சாரிங்க," என்றான். இன்னொரு மணி அடித்தது.

"போங்கோ," என்றாள் நிரோஷினி. "எடுங்கோ. நாங்கள் பாக்கிறம்."

திரையில் பரணியின் வீரன் வாளைத் தொங்கவிட்டபடி மரம்போல் நின்றான்.

"கையெடுத்திட்டார்," என்றார் அத்தான். "நிரோ, நிப்பாட்டு. அவரைத் தூக்கிப்போட்டு என்னை எடு. உன்ர சட்டம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. நிறுத்தி, அத்தானை எடுத்துத் திரும்ப ஆடினால் இரவுக்குள் எப்படியும் வென்றுவிடலாம். அக்காவும் சந்தோஷப்படுவாள். ஆனால் பட்டத்தில் பரணியின் பெயர் இருக்காது. இப்படியே தொடர்ந்தாலோ, நிற்கிறவன் விழுந்தால் கல்லரசனின் பலம் இரட்டிப்பாகும். எல்லோரும் செத்துப்போவார்கள்.

"பிள்ளை, என்ன செய்ய?" காயம் ஆற்றுவது அன்ரியின் வேலை. "கெதியாச் சொல்லு!"

"நிப்பாட்ட வேண்டாம். மரியோ, பரணிக்கு முன்னால போய் நில். அன்ரி, அவரை விழவிடாதேங்கோ."

"எனக்கொரு சட்டம், உவருக்கொரு சட்டமோ?" அத்தான் கத்தினார். "ஒரு பார்சலுக்காக என்னைத் தூக்கினனி!"

"ஓம் அத்தான், சட்டத்தை உடைக்கிறன். பேந்து ஏசுங்கோ. இப்ப வாயை மூடுங்கோ!"

அத்தானை அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒன்பது. கல் மழை பொழிந்தது. மரியோ அசையாத வீரனை மறைத்து நின்று வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆறு. அன்ரி, "யேசுவே, யேசுவே," என்றபடி விசைகளைத் தட்டும் சத்தம். நான்கு. நிரோஷினியின் விரல்கள் வியர்த்து வழுக்கின. இரண்டு.

கல்லரசன் முழந்தாளிட்டுச் சரிந்தான்.

எட்டுத் தலைகளுக்கு மேலும் பொன்னிறத்தில் பட்டம் எழுந்தது. எட்டாவது, வாளைத் தொங்கவிட்டு நின்றவனின் தலைக்கு மேல்.

மரியோ கூவினான். அன்ரி அழுதார். அத்தான் மட்டும், "நான் உன்ர அக்காவுக்குச் சொல்லுறன்," என்றார்.

"சொல்லுங்கோ. உங்களைத் தூக்கினதும் சரி, இவரை விட்டதும் சரி. ஆனால் அந்த நாலு கிழமையும் உங்களுக்கு இடம் தந்ததுதான் பிழை. அது நான் பயத்தில செய்தது."

அத்தானின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது.

பரணி திரும்பி வரும்போது ஐந்தாகப் பத்து நிமிடம்.

"சாரிங்க, சர்வர் பிரச்சினை. என்ன, எல்லாரும் செத்தாச்சா?" திரையில் அவன் வீரன் அசைந்தான். "அட! என் தலைக்கு மேல என்னங்க இது?"

"கும்பிட்டுட்டு வைச்சிருங்கோ தம்பி. அன்ரியின்ர மருந்து முழுக்க உங்களுக்குத்தான் போனது," என்றார் அன்ரி.

அவன் சிரித்தான். நிரோஷினியால் சிரிக்க முடியவில்லை.

"பரணி, ரெண்டு மணி எண்டு நான் சொன்னது பொய். ஒவ்வொரு கிழமையும். ஆக்கள் பிந்தி வருவினம் எண்டு ஒரு மணித்தியாலம் முந்திச் சொல்லுறனான்."

"தெரியுங்க. ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு."

"பிறகேன் ரெண்டுக்கே வந்தனீங்கள்?"

"ரெண்டுக்கு வர்றேன்னு சொன்னேனேங்க."

மேசையில் கைபேசி அதிரத் தொடங்கியது. திரையில் அக்காவின் படம். நிரோஷினி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்றாவது அதிர்வில் எடுத்தாள்.

"ஓம் அக்கா. நான்தான் வாயை மூடச் சொன்னனான்."