உப்புக் கிணறும் ஒரு லத்தீன் சொல்லும்

இது நடந்தது முப்பத்தெட்டிலா, அடுத்த கோடையிலா என்பதில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. ஆவூருக்குக் கிழக்கே இருந்த கிறிஸ்தவத் தெருவே மூட்டை கட்டி நின்றது மட்டும் நிச்சயம். வெட்டிய இரண்டு கிணறும் உப்பு. மூன்றாவதும் உப்பென்றால் இலங்கைத் தோட்டத்துக்குப் போய்விடுவதென்று பேசி முடித்திருந்தார்கள்.

லூர்துநாதனுக்குப் போக மனமில்லை. திருச்சியில் குருமடத்துப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன். கோயிலில் பாடுவான், மற்றபடி வாய் திறப்பது அபூர்வம். மாதாவுக்குப் பாடும் லத்தீன் பாட்டின் முடிவில் வரும் 'துல்சிஸ்' என்ற சொல்லை வருஷக்கணக்காக அசைபோட்டுக்கொண்டிருந்தான். இனிமையான என்று பொருள். பிரெஞ்சுச் சாமியாரைக் கேட்டான். எங்களிடம் அது 'து' என்று தேய்ந்துவிட்டது, மெத்தென்ற துணியையும் சாந்தமான ஆளையும் அப்படிச் சொல்வோம் என்றார். கோவாக்காரச் சாமியார் 'தோஸ்' என்றார்; போர்த்துக்கீசில் மிட்டாய்க்கே அது பெயராம். இத்தாலியில் 'தோல்ச்சே'. கிரேக்கத்திலும் ஓர் உறவு உண்டென்பார்கள், உறுதியில்லை. ஆனால் உப்பில்லாத தண்ணீருக்கு அந்த மொழிகள் எல்லாவற்றிலும் அந்தச் சொல்தான். சர்க்கரை சேர வேண்டாம், உப்பு விலகினால் போதும், அது இனிமை. லூர்துநாதனுக்கு அதில் ஏதோ ஆறுதல் இருந்தது.

"அந்தச் சொல்லக் கொடத்துல மோந்து தாங்க, ஒலை வைக்கணும்" என்பாள் அவன் மனைவி அடைக்கலமேரி.

அன்று காலை, கிணறு வெட்டும் ராக்கன் உள்ளேயிருந்து கூவினான். ஊற்றுக்கண் திறந்துவிட்டது. புதுக் கிணற்றில் மந்திரித்த உப்புப் போடுவது அவர்கள் வழக்கம். கோயில்பிள்ளை ஆரோக்கியமுத்து சாமியாருக்குப் பதிலாகச் செபம் சொல்லி உப்புக் கலயத்தைக் கவிழ்த்தார். பிறகு ஒரு வாளி இறைத்து வாயில் வைத்தார். துப்பினார்.

"இதுவும் உப்புதான்யா."

பெண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கூட்டம் கலைந்தது. லூர்துநாதன் மட்டும் ஆரோக்கியமுத்துவோடும் ராக்கனோடும் கிணற்றோரம் நின்றான். உப்பு விலகினால் போதும். அவன் கண் காலிக் கலயத்தில் போய் நின்றது.

"அண்ணே, எவ்வளவு உப்புப் போட்டீங்க?"

"நெறைய. மூணாவது கெணறாச்சே, பேயி பலமா இருக்கும்னு..."

"கணுக்கால் தண்ணியிலயா?"

ராக்கன் விழுந்து விழுந்து சிரித்தான். "பேயி ஓடிருச்சுங்க, அங்கிட்டு இலங்கைக்கு!"

உச்சிவெயில் சாயும்வரை இறைத்துக் கொட்டினார்கள். மறுபடி ஊறிய தண்ணீரை அடைக்கலமேரிதான் முதலில் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"சொல்லேன் புள்ள!" என்றான் லூர்துநாதன்.

"ஒங்க சொல்லு வந்திருச்சுங்க" என்றாள்.

மூட்டைகளை அவிழ்த்தார்கள். ராக்கன் பிறகு அறந்தாங்கிப் பக்கம் போய்க் குடியேறினான். ஆரோக்கியமுத்து கடைசிவரை கோயில்பிள்ளையாகவே இருந்தார். அதன்பின் எந்தக் கிணற்றுக்கும் ஒரு சிட்டிகை உப்புக்கு மேல் போட்டதில்லை. லூர்துநாதனும் அடைக்கலமேரியும் அந்தத் தெருவிலேயே பிள்ளை பெற்று வளர்த்து, அந்தத் தண்ணீரையே குடித்து, அங்கேயே இறந்தார்கள்.