வந்துடறேன்

என் கணவருக்கு ரொம்ப இளகின மனசாம். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறது. இளகின மனசுக்காரர் இருக்கிற வீட்டில் கல்மனசுக்காரி ஒருத்தியும் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் பீ மூத்திரத்தை யார் அள்ளுவது?

துரைக்குப் பதினான்கு வயது. நாய்தான், ஆனால் நடையிலும் முறைப்பிலும் துரையேதான். மூன்று மாதமாகப் பின்னங்கால் இரண்டும் வரவில்லை, சிறுநீரகமும் போய்விட்டது. படுத்த படுக்கையாகக் கிடந்து இடுப்பெல்லாம் புண். புரட்டிப் போடும்போதெல்லாம் என் கையைக் கடித்தான். வலியில் கடிக்கிறவன்மேல் கோபித்துக்கொள்ள முடியுமா? என் கோபமெல்லாம் இவர்மேல்தான். ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது தலையாட்டியவர் இவர். நாள் குறித்தவரும் இவர். அன்றைக்குக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "என்னால பார்க்க முடியாதும்மா, நீயே கூட்டிட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி அவர் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். மேசைமேல் கிடத்தியதும் துரை பல்லைக் காட்டினான். காலைத் தொடவே விடவில்லை. டாக்டரம்மா வாயைக் கட்டுவதற்குத் துணியை எடுத்தார். சாகிற நேரத்தில் அதுவும் வேண்டுமா? இவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க குரலுக்குத்தான் அடங்குவான்."

தினமும் கடைக்குக் கிளம்பும்போது சொல்வதையே சொன்னார். "துரை, சமத்தா இரு. அப்பா வந்துடறேன்."

அவ்வளவுதான், அடங்கிவிட்டான். டாக்டரம்மா முன்னங்காலில் முடியை மழித்து, மருந்து ஏற்றுவதற்கான ஊசியைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டினார். அசையவே இல்லை. கண் மட்டும் கதவின்மேல் இருந்தது. மருந்தைக் கையில் எடுத்த டாக்டரம்மா அதைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"சார் வந்துடறேன்னாரே? வரட்டும், வெயிட் பண்ணலாம்."

நம்மில் யார்தான் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புகிறோம்? திரும்பி வரவே போகாதவன்கூட 'வந்துடறேன்' என்றுதான் செருப்பை மாட்டுவான். அது வெறும் வாய்ப்பழக்கம், இந்த மனுஷர் வரமாட்டார் என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு ஓடி ஒளிகிறாரே, அந்த லட்சணத்தை எப்படி வெளியே சொல்வது? "பக்கத்துலதான் கடை, வந்துடுவார்" என்றேன்.

நாற்பது நிமிஷம். துரை முனகிக்கொண்டே கிடந்தான். கதவு திறந்தபோதெல்லாம் வாலை ஆட்டப் பார்த்தான், பாதிதான் ஆடியது. பூனைக்கூடையோடு ஒருவர் வந்தார், பில் கேட்டு ஒருவர் வந்தார். கடைசியில் டாக்டரம்மாவே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுடவா?" என்றார். முதல் மருந்தில் மயங்கினான், இரண்டாவதில் போய்விட்டான். கண் மூடவில்லை.

இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அழுது அழுது முகம் வீங்கிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் இவர் தோளைத் தட்டிவிட்டு, நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழ நேரமில்லை. துரை படுத்திருந்த மெத்தையைத் துவைக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். இவர் சொல்கிறார்: "கடைசி மூச்சு வரைக்கும் என் மடியிலதாம்மா இருந்தான்."

அடப்பாவி மனுஷா! டீ டம்ளரை ணங்கென்று வைத்தேன்.

"மடியா? மேசையில கிடந்தான். நாற்பது நிமிஷம் வலியில துடிச்சான். நீங்க வந்துடறேன்னு சொன்னீங்களே, அதுக்காகக் காத்திருந்தோம். கதவைப் பார்த்துக்கிட்டேதான் செத்தான்."

நாத்தனார் கையை உருவிக்கொண்டாள். இவர் முகம் வெளுத்தது. பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இன்னும் இரண்டு கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

இவர் நிமிர்ந்தார். குரலில் கோபமே இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"நான் வரமாட்டேன்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் அவனைக் காக்க வச்சே?"

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். தெரியும். போனை வைத்தபோதே தெரியும். ஒரு டாக்டரம்மா முன்னால் என் மானம் போகக்கூடாது என்று அவனை நாற்பது நிமிஷம் துடிக்கவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?