பட்டுவைப் பார்த்த போன் யாருடையது?

கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்துப் பக்கம் கழுத்தில் ஐ.டி. டேக் தொங்காத ஆளை யாரும் ஆளாக மதிப்பதில்லை. பிள்ளைப்பாக்கம் காந்திமதி வீட்டு எருமை பட்டுவின் கழுத்தில் டேக் ஏறிய நாள் முதல் அதற்கும் மரியாதை கூடிவிட்டது. கம்பெனி பஸ் ஓட்டுகிற வெங்கடேசன் அதைக் கண்டால் ஸ்டாப் இல்லாத இடத்திலும் நிறுத்திக் கதவைத் திறந்துவிடுவான். ஒரு தடவை பட்டு ஏறியும்விட்டது என்பார்கள். தண்டலம் வரைக்கும் போய், அடுத்த நடையில் ஒழுங்காகத் திரும்பி வந்ததாம். பஸ்ஸில் எல்லோரும் ஓ.டி. பார்த்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

டேக்கை வாங்கியவன் காந்திமதியின் மகன் டில்லிபாபு. போன் செய்கிற கம்பெனியில் லைனில் வேலை. ஆன்லைனில் தள்ளுபடி வந்த அன்று, ஊரெல்லாம் காதில் மாட்டுகிறதும் கையில் கட்டுகிறதுமாக ஆர்டர் போட்டுக்கொண்டிருக்க, இவன் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை வில்லையை வாங்கினான். சாவிக்கொத்து தொலைந்தால் கண்டுபிடிக்கிற சாமான். அதைப் பழைய ஐ.டி. கார்டு நாடாவில் கோத்து எருமைக்கு மாட்டினான்.

"இதுக்குள்ள சிம்மு கீதா?" என்றாள் காந்திமதி.

"இல்லம்மா."

"நெட்டு?"

"அதுவும் இல்ல. பக்கத்துல யார் போன் போனாலும் அதுங்கிட்ட 'நான் இங்க கீறேன்'னு சொல்லும். அந்த போன் என் போனுக்குச் சொல்லிடும். யார் போன்னு நமக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது."

"ஊரான் போனை வேலைக்காரனாட்டம் வச்சிக்கினு எருமை தேடப் போற. நல்லாகீதுடா ஞாயம்."

கேலி செய்தாளே தவிர, அவள் கழற்றச் சொல்லவில்லை. காரணம் உண்டு. போன வருஷம் பட்டு யாருக்கும் தெரியாமல் காலி மனைப் பக்கம் போய்க் கன்று போட்டது. இவள் போய்ச் சேருவதற்குள் நாய்கள் முந்திவிட்டிருந்தன, கன்று போய்விட்டிருந்தது. பட்டு பல நாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே வராமல் கத்திக்கொண்டு நின்றது. அந்தக் கத்தலைக் கேட்டபடி படுத்துக் கிடந்ததைக் காந்திமதி யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மறுபடி மாசம் நிறைந்து, மடி இறங்கி நின்றது. இந்தக் கன்று உயிரோடு வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

அப்படிப்பட்ட நேரத்தில், டில்லிபாபு காலை ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு நாள், பட்டு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஏரிக்கரை, பாலத்தடி, கோயில் பின்புறம் எங்கும் காணோம். வெயில் உச்சிக்கு வந்தபோது காந்திமதி ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனி கேட்டில் போய் இறங்கினாள்.

கேட்டில் செக்யூரிட்டி தாவீது. தண்டலத்துக்காரன், தெரிந்த பிள்ளைதான்.

"தாவீது, டில்லி போனைக் குடுப்பா. எருமை எங்க கீதுன்னு பார்க்கணும்."

"அக்கா, போன் லாக்கர்ல கீது. லாக்கர் சாவி அவன் இடுப்புல கீது. அவன் இடுப்பு உள்ள லைன்ல கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

"பட்டு கன்னு போடற நேரம்டா."

தாவீது அவள் முகத்தைப் பார்த்தான். இன்டர்காமை எடுத்து, "சத்யப்பிரியா மேடமா? டில்லிபாபு வூட்ல பிரசவம். அவசரம்" என்றான்.

சூப்பர்வைசர் சத்யப்பிரியா உடனே அவனை அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது நினைவுக்கு வர, விஷயத்தை அறிய அவளே பின்னால் வேகமாக வந்தாள்.

டில்லிபாபு நீலத் தொப்பியோடு ஓடிவந்து லாக்கரைத் திறந்தான். போனில் மேப் விரிந்தது. பட்டுவின் புள்ளி வீட்டில் இருந்தது. கீழே, 'நேற்று மாலை பார்த்தது' என்று போட்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் அது வூட்ல இருந்தது எனக்கே தெரியும்டா" என்றாள் காந்திமதி. "இன்னிக்கு எங்க?"

டில்லிபாபு தலையில் கைவைத்துக்கொண்டான். "கவரு!"

நேற்று மழை. டேக் நனையக்கூடாது என்று, அது வந்த டப்பாவிலிருந்த வெள்ளி நிறக் கவரை எடுத்து, அதற்குள் டேக்கைப் போட்டு ஒட்டியிருந்தான். லைனில் நாள் முழுக்க அதுதான் அவன் வேலை. வருகிற ஒவ்வொரு பீஸையும் வெள்ளிக் கவரில் போட்டு ஒட்டுவது. எருமைக் கழுத்தில் இருந்ததும் ஒரு பீஸ்தானே என்று கை தானாகச் செய்துவிட்டது.

"அந்தக் கவரைத் தாண்டி சிக்னல் வராதும்மா."

"வாயைக் கட்டிட்டு, கூப்புடு கூப்புடுன்னா அது எப்டிடா கூப்புடும்?"

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. தாவீது மெல்லிய குரலில் போன வருஷத்துக் கதையைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றது.

"கவர் கிழிஞ்சா வேலை செய்யும், இல்ல?" என்றாள்.

"செய்யும் மேடம். ஆனா பக்கத்துல போன் இருக்கணும். இப்போ ஒரகடத்துப் போன் பூராவும் லாக்கர்ல கெடக்குது."

"கிழியும்மா" என்றாள் காந்திமதி. "வலி வந்தா அது சும்மா நிக்காது. முள்ளு மரமோ கம்பி வேலியோ, கழுத்தைப் போட்டுத் தேய்க்கும். இரும்புக் கவரா இருந்தாலும் கிழியும்."

அப்போது ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. லாக்கர்கள் திறந்தன. வெளியூர்ப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளுமாகத் திமுதிமுவென்று பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். எந்த பஸ் எந்த ஊருக்கு என்று கூவுகிற கை மைக்கை சத்யப்பிரியா வாங்கினாள்.

"எல்லாரும் போனை ஆன் பண்ணுங்க. புளூடூத் போடுங்க. நம்ம டில்லி வூட்டு எருமை காணோம். நீங்க தேட வேணாம், உங்க போன் தேடும். ஆப் பண்ணி மட்டும் வைக்காதீங்க."

"எருமைக்கும் டெலிவரி லீவு உண்டா மேடம்?" என்று ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போனையும் போட்டார்கள்.

அவள் பேசியதை யாரோ வாட்ஸப்பில் விட, அது லேடீஸ் ஹாஸ்டல் குரூப்புக்குப் போய், அங்கிருந்து மற்றக் கம்பெனிகளுக்கும் போனது. கார் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது எருமை யானையாகிவிட்டிருந்தது. அவர்கள் அதையும் குறை சொல்லாமல் தேடினார்கள். அன்றைக்கு ஒரகடம் சாலையில் இரண்டு அதிசயங்கள் நடந்தன. ஷிப்ட் முடிந்த பஸ்ஸில் ஒருவர்கூடத் தூங்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள். வெங்கடேசன் மெதுவாக ஓட்டினான். இதில் முதலாவதை நம்புகிறவர்கள்கூட இரண்டாவதை நம்புவதில்லை.

காந்திமதி மகன் கையிலிருந்த போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. புள்ளி வீட்டிலேயே இருந்தது. "அசையேண்டி" என்றாள் அதைப் பார்த்து.

அசைந்தது. ஒரே தாவலில் சேரப்பணஞ்சேரி சாலைக்குப் போய், வேலி போட்ட ஒரு காலி மனையின் பின்னால் நின்றது.

டில்லிபாபு பைக்கை எடுத்தான். தாய் பின்னால் ஏறினாள். மனையைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. எந்தப் பக்கம் நுழைவது என்றே தெரியவில்லை. அவன் போனில் ஒரு பட்டனை அழுத்த, புதருக்குள்ளிருந்து பீப், பீப் என்று சத்தம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு முள்ளை விலக்கிப் போனார்கள்.

பட்டு நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் கிழிந்த கவர் ஊசலாடியது. காலடியில் ஈரத்தோடு கன்று. சுற்றிலும் நாய்கள்.

ஆனால் ஒரு நாயும் கிட்டே வரவில்லை. இந்தப் பக்கத்து நாய்கள் கம்பெனி கேட்டுகளில் செக்யூரிட்டியோடு பழகியவை. மெட்டல் டிடெக்டர் போலவே அந்த பீப் சத்தம் கேட்டதும் எல்லாம் வரிசையாகப் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கி, சோதனைக்குக் காத்திருந்தன என்று டில்லிபாபு இன்றைக்கும் சொல்கிறான். காந்திமதி நாய்களைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் கன்றைத் துடைத்து, மூக்கில் ஊதி, அது தலையை ஆட்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டு அவள் தோளையும் ஒரு நக்கு நக்கியது. கிடேரிக் கன்று.

"யார் போன்டா காட்டிக் குடுத்துச்சு?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"தெரியாதும்மா. அதான் சொன்னேனே, அது பேர் சொல்லாது."

"எந்த பஸ்ஸுன்னாவது?"

"சேரப்பணஞ்சேரிப் பக்கம் போற பஸ் நெறைய கீது. வேற கம்பெனி ஆளாக்கூட இருக்கலாம்."

காந்திமதி வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தாள். கன்று பால் குடித்தது போகச் சீம்பாலைக் கறந்து, உதவி செய்த வீடுகளுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். எந்த வீடு என்று தெரியாவிட்டால்? ஒருத்தருக்குக் கொடுத்து அந்த ஒருத்தர் அவராக இல்லாவிட்டால்?

மறுநாள் மதியம், வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்த சீம்பால் பெரிய குண்டானில் கேட்டுக்கு வந்தது. தாவீது குண்டானைச் சுற்றி மெட்டல் டிடெக்டரைக் காட்டினான். அது கத்தியது. "குண்டான்தான் கத்துது, உள்ள இருக்கறது ஓகே" என்று அனுமதித்து, முதல் ஆளாகக் கையை நீட்டினான்.

சங்கு ஊதியது. காந்திமதி கரண்டியோடு நின்றாள். பஸ் ஏறுகிற ஒவ்வொரு கையிலும் ஒரு கரண்டி. வெங்கடேசனுக்கு இரண்டு. சத்யப்பிரியா வரிசையைப் பார்த்துக்கொண்டாள். ஒரு எருமையின் சீம்பால் இத்தனை பேருக்கு எப்படிக் காணும் என்று கேட்கிறவர்கள் பட்டுவைப் பார்த்ததில்லை. பஸ்கள் எல்லாம் நிறைந்தன. குண்டான் அடி தெரியவில்லை.

கடைசியாக ஒருவன் வரிசையைவிட்டு ஒதுங்கி நின்றான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கிற நம்பிராஜன்.

"நீ இன்னாப்பா அங்கியே நின்னுகினு கீற?"

"எனக்கு வேண்டாம்மா. எம்போன்ல நேத்து சார்ஜே இல்ல. ஆன் பண்ணிப் பாத்தேன், செத்துட்டு. எருமையக் காட்டுனது கண்டிப்பா நானில்ல."

"ஆன் பண்ணிப் பார்த்தல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் இன்னா? கையை நீட்டு" என்று சொல்லி, கரண்டி நிறைய எடுத்தாள்.